திக்கிப் பேசும் மகளை வகுப்பில் கேலி செய்கிறார்கள்: பள்ளியில் எப்படிச் சொல்வது?

கேள்வி (ஒரு தாய், மதுரை):
வணக்கம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பேச்சு சற்றுத் திக்கும். இந்த ஆண்டு வேறு பிரிவுக்கு மாறியதிலிருந்து, வருகைப்பதிவின்போது அவள் 'உள்ளேன் அம்மா' என்று சொன்னதும் நான்கைந்து மாணவிகள் அதையே திக்கித் திக்கிச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். மதியம் அவள் போய் அமர்ந்தால் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். கொடுத்தனுப்பும் சாப்பாடு பல நாள் அப்படியே திரும்பி வருகிறது. ஆசிரியரிடம் சொன்னால் இன்னும் அதிகமாகிவிடும் என்று அழுகிறாள். அவளுக்குப் பாதகம் வராமல் இதை எப்படிச் சொல்வது?

பதில் 1 (ஆசிரியை, திண்டுக்கல்):
அம்மா, அவளுடைய அச்சம் நியாயமானது. எல்லோர் முன்னிலையிலும் இரு தரப்பையும் நிறுத்தி 'மன்னிப்புக் கேள்' என்பதுதான் நம் பள்ளிகளில் வழக்கம். அது கேலியை வகுப்பறையிலிருந்து கழிப்பறை வாசலுக்கு மாற்றுமே தவிர நிறுத்தாது. வகுப்பாசிரியரைத் தனியே சந்தித்து, நடந்தவற்றை மட்டும் சொல்லுங்கள். கேலி செய்யும் நால்வரைவிட, பார்த்துக்கொண்டிருக்கும் முப்பது பேர்மீது எனக்கு நம்பிக்கை அதிகம், ஏனெனில் அவர்களுடைய சிரிப்பு இல்லாவிட்டால் அந்தக் கேலிக்கு உயிரே கிடையாது. ஃபின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கிவா' திட்டம் இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது: துன்புறுத்தியவர்களிடம் ஆசிரியர்கள் தனியே பேசுவதோடு, வகுப்பில் நல்லெண்ணம் கொண்ட சில மாணவர்களை அழைத்து, பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் துணையாக இருக்கச் சொல்கிறார்கள். மதியம் உங்கள் மகளோடு அமர இரண்டு பிள்ளைகள் கிடைத்தாலே பாதிச் சுமை இறங்கிவிடும். வருகைப்பதிவுக்குக் கையை உயர்த்தினால் போதும் என்று வகுப்பு முழுவதற்குமே பொதுவாக அறிவிக்கலாம்; அப்போது அவள் தனித்துத் தெரியமாட்டாள்.

பதில் 2 (ஒரு தந்தை, திருநெல்வேலி):
ஆசிரியை சொல்வதோடு உடன்படுகிறேன். ஆனால் வாய்மொழியாக மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். 2023 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்து நாங்குநேரியில், தன்னைத் துன்புறுத்திய சக மாணவர்களைப் பற்றிப் பள்ளியில் சொன்ன பன்னிரண்டாம் வகுப்பு மாணவரை, அவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அங்கே சாதி வெறி இருந்தது, உங்கள் மகளின் நிலை வேறு. எனினும், புகார் சொன்ன பிள்ளையைப் பாதுகாக்காத விசாரணை எங்கும் ஆபத்தானதே. ஆகவே, மகளின் பெயர் வகுப்பில் வெளிப்படக் கூடாது என்பதைக் குறிப்பிட்டுத் தலைமையாசிரியருக்குத் தேதியிட்ட கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் இருக்கின்றன.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. வகுப்பில் சிரிக்காதவர்கள் யார் என்று மகளிடம் கேட்டேன். தயங்காமல் மூன்று பெயர்களைச் சொன்னாள். அவர்களில் ஒருத்தி எங்கள் தெருவிலேயே இருக்கிறாள். கடிதத்தை எழுதிவிட்டேன், கையை உயர்த்தும் ஏற்பாட்டை மட்டும் மகளின் சம்மதம் பெற்ற பிறகு ஆசிரியரிடம் கேட்கிறேன்.