இன்வெர்ட்டர் கட்-ஆஃப்: கன்ட்ரோலர் லோடு முனையில் ரிலே போடலாமா?

பெங்களூரு ஆனேக்கல் பக்கம், லைன் வராத தோட்டத்து ஷெட். 24 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பாஸ்பேட் பேட்டரி (8 செல்), 20 ஆம்பியர் எம்பிபிடி சோலார் சார்ஜ் கன்ட்ரோலர், 1000 வாட் இன்வெர்ட்டர்.

விளக்கும் டிசி ஃபேனும் மட்டும் கன்ட்ரோலரின் லோடு முனையில். இன்வெர்ட்டர் நேரே பேட்டரியில்தான். முழு லோடில் 45-50 ஆம்பியர் இழுக்கும், ஆன் பண்ணும்போது கெப்பாசிட்டர் நிரம்புகிற இழுப்பு வேறு. லோடு முனையில் மாட்டினால் உள்ளே சுவிட்சாக இருக்கும் மாஸ்ஃபெட் (டிரான்சிஸ்டர்) போய்விடும். பாசிட்டிவிலிருந்து ஒரு ஜாணுக்குள் 63 ஆம்பியர் டிசி ஃபியூஸ், 16 சதுர மி.மீ. காப்பர் ஒயர்.

சிக்கல் இதுதான்: இன்வெர்ட்டர் லெட்-ஆசிட்டுக்குச் செய்தது, 21 வோல்ட்டில்தான் நிற்கிறது. செல்லுக்கு 2.6 வோல்ட்! அதற்குள் பேட்டரி துடைத்து வைத்த மாதிரி ஆகிவிடும், அடுத்து பிஎம்எஸ் (பேட்டரியின் பாதுகாப்பு சர்க்யூட்) மொத்தமாகத் துண்டிக்கும். 24 வோல்ட்டிலேயே நிறுத்த வேண்டும்.

கன்ட்ரோலர் குறித்த வோல்டேஜில் லோடு முனையை நிறுத்திவிடும். அங்கே 24 வோல்ட் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்று சேர்த்து (காயில் குறுக்கே டயோடு), அதன் கான்டாக்ட்டால் இன்வெர்ட்டரின் ரிமோட் ஸ்விட்சை அணைக்கலாம் என்று யோசனை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: 24-இல் கட், 26-இல் திரும்ப ஆன் என்று வைத்தால் போதுமா? மிக்சி ஸ்டார்ட் ஆகும் நொடி வோல்டேஜ் இறங்கி வீணாகக் கட் ஆகுமா?

இன்னொன்று, பெங்களூரு எலக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோடில் உண்மையான டிசி எம்சிபி (தானாக ட்ரிப் ஆகும் பிரேக்கர்) எந்தப் பக்கம் கிடைக்கும்? ஏசி எம்சிபியை எடுத்துக் கொடுத்து "இதுவே போதும் சார்" என்கிறார்கள். டிசி ரேட்டிங் போடாத எம்சிபியில் டிசி ஆர்க் (கான்டாக்ட் பிரியும்போது வரும் தீப்பொறி) ஒழுங்காக அணையும் என்று நம்ப முடியாது.