ஏழாம் மாதம்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அடுக்குமாடி புளோக்கின் கீழே இரவில் காகிதம் எரிக்கிறார்கள், புகை வீட்டுக்குள் வருகிறது, புகார் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். அங்கே நடப்பது நம் வீட்டுத் திதி போன்ற ஒன்று.

சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம், பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். அந்த மாதம் முழுவதும் பாதாளத்தின் கதவு திறந்திருக்கும், இறந்தவர்கள் வந்து போவார்கள் என்பது நம்பிக்கை. 15ஆம் நாள் முக்கியமானது. சீனாவின் பழைய சமயமான தாவோ சமயத்தாருக்கும் அது விசேஷ நாள்தான். ஆனால் மனத்தைத் தொடுவது பௌத்தக் கதை. புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர், சீனர்களுக்கு மூலியான், இறந்துபோன தாயைத் தேடிப் போகிறார். அவள் பசித்த ஆவியாகக் கிடக்கிறாள். அவர் கொடுத்த சோறு வாய்க்குப் போவதற்குள் தணலாகிவிடுகிறது. மழைக்காலத் தவம் முடியும் நாளில் துறவிகளுக்கு உணவளித்தால் அவள் மீள்வாள் என்கிறார் புத்தர். அந்தப் பசித்த ஆவிக்கு வடமொழியில் பிரேதம் என்று பெயர். நாம் பிணத்துக்குச் சொல்லும் அதே சொல். 6ஆம் நூற்றாண்டிலேயே சீனாவில் இந்த விழா நடந்திருக்கிறது.

சொந்த முன்னோருக்கு மட்டுமல்லாமல், சோறு வைக்க ஆளில்லாத ஆவிகளுக்கும் சேர்த்தே படைக்கிறார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

நாங்கள் வந்த முதல் வருடம், புல்தரை ஓரத்தில் ஒரு மூதாட்டி ஊதுபத்தி நட்டு, சோறும் ஆரஞ்சுப் பழமும் வைத்துக் காகிதப் பணத்தை ஒவ்வொன்றாக நெருப்பில் இட்டுக்கொண்டிருந்தார். என் மகள் ஓடிப்போய்ப் பழத்தில் கை வைத்துவிட்டாள். எனக்கு உடல் கூசியது. அவர் கோபிக்கவில்லை. படையலில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு, தன் பையிலிருந்து வேறு ஒரு பழத்தை எடுத்து அவள் கையில் வைத்தார்.

ஆகவே குழந்தைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள்: படையலைத் தொடக்கூடாது, சாம்பலை மிதிக்கக்கூடாது, சுற்றிப் போக வேண்டும். மாலையில் காயப்போட்ட துணியை உள்ளே எடுத்து, சன்னலைச் சாத்திவிடுங்கள். எரிப்பதற்கென்று நகர மன்றங்கள் பெரிய தொட்டிகள் வைக்கின்றன. அதற்கு வெளியே எரித்துப் புகை தாங்க முடியவில்லையென்றால் நகர மன்றத்திடம் சொல்லுங்கள், பக்கத்து வீட்டாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இந்த மாதத்தில் திருமணம், வீடு மாறுதல், இரவு நீச்சல் ஆகியவற்றைப் பல சீனர்கள் தவிர்ப்பார்கள். அலுவலக நண்பரை நீச்சலுக்குக் கூப்பிட்டு அவர் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம்.

இந்த மாதத்து இரவு விருந்துகளில் ஏலமும் நடக்கும். சிவப்பு நாடா கட்டிய கரித்துண்டைக் 'கறுப்புத் தங்கம்' என்று ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) எடுப்பார்கள். அதிர்ஷ்டம் தரும் என்று நம்புகிறார்கள். அந்தப் பணம் அடுத்த ஆண்டு விழாவுக்குப் போகும்.

கெத்தாய் என்னும் பாட்டு மேடையைத் தவறவிடாதீர்கள். பளபளக்கும் உடையில் ஹொக்கியன் என்னும் சீன மொழிப் பாடல்கள் பாடுவார்கள், கட்டணம் இல்லை, யாரும் போகலாம். முதல் வரிசை நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கும். அவை வந்திருக்கும் ஆவிகளுக்கு. நீங்கள் இரண்டாம் வரிசையில் உட்காருங்கள்.