பிரக்டிஸ் பிள்ளைகளின் சாப்பாடு: மலையக மைதானங்களில் கண்டவை

13 முதல் 19 வயது வரை விளையாடும் பிள்ளைகளின் சாப்பாடு பற்றி, தோட்டப்புறத்தில் நேரில் காண்பதை அளவோடும் காரணத்தோடும் எழுதுங்கள். "நல்லாச் சாப்பிடணும்" என்று மட்டும் எழுத வேண்டாம். அதை எல்லாரும் சொல்லியாயிற்று. இப்படி நால்வரிடம் கேட்டோம், அவர்கள் எழுதியவை கீழே.

உடற்கல்வி ஆசிரியர், ஹட்டன் பக்கம்

1500 மீற்றர் ஓடும் பிள்ளை மூன்றாவது சுற்றில் கால் கனத்து நின்றால் "ஸ்டமினா இல்லை" என்று விடுகிறோம். கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்று கேட்பவர் குறைவு. தோட்டத்தின் மேல் டிவிசன் பிள்ளை ஒன்றின் நாளைப் பாருங்கள். காலை 5.45க்கு ஒரு ரொட்டி, கட்டசம்பல், சாயத்தண்ணி (பால் இல்லாத தேத்தண்ணி). பிறகு ஏற்றமும் இறக்கமுமாக 3, 4 கிலோமீற்றர் நடை. 10.30 இடைவேளைக்கு ஒரு பணிஸ். 1.30க்கு மணி அடித்து, 2 மணிக்கு பிரக்டிஸ். லயத்து வீட்டுக்குத் திரும்பிச் சோற்றில் கை வைக்கும்போது 5.30, 6 ஆகிவிடும். ஒரு பணிஸை வைத்துக்கொண்டு ஏழு மணித்தியாலம்! 40 கிலோ பிள்ளைக்குப் போய்வரும் நடைக்கே ஏறக்குறைய 250 கலோரி செலவாகும். அதைப் பயிற்சிக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

செலவில்லாத திருத்தம் ஒன்று உண்டு: சோற்றை 10.30க்கு மாற்றுவது. சோறும் கறியும் வயிற்றைவிட்டு இறங்க ஏறக்குறைய 3 மணித்தியாலம் வேண்டும். 10.30க்குச் சாப்பிட்டால் 2 மணிக்கு வயிறு இலேசாக இருக்கும், உடம்பிலும் தெம்பு இருக்கும். 1.30க்கு இரண்டு வாழைப்பழம், அல்லது உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கு இரண்டு போதும். அந்த நேரத்தில் ரோல்ஸ், வடை கொடுத்தால் எண்ணெய் மெதுவாகச் செமித்து, ஓடும்போது நெஞ்சைக் கரிக்கும், பக்கம் பிடிக்கும்.

காலை 5 மணிச் சோற்றைச் சூட்டோடு மூடி கட்டினால் வியர்த்து நொதித்துவிடும். தட்டில் பரப்பி ஆறவிட்டுக் கட்டவும். தேங்காய்ப்பால் கறியைத் தவிர்த்து வறட்டிய பருப்பு, நெத்தலித் துவையல், முட்டை வைக்கலாம். பெரிய பிள்ளைகள் சோற்றுப் பெட்டி கொண்டுவர வெட்கப்படுவார்கள். ரீம் முழுக்க ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அந்த வெட்கம் ஒரு வாரத்தில் போய்விடும்.

குடும்பநல உத்தியோகத்தர், தலவாக்கலை பக்கம்

சேர் சொன்ன அந்தக் காலைச் சாப்பாட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சாயத்தண்ணி. தேயிலையை நம்பி வாழும் இடத்தில் இதைச் சொல்வது சங்கடந்தான், ஆனாலும் சொல்ல வேண்டும். கீரை, பருப்பு, மா ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தைத் தேயிலையின் டனின் (துவர்ப்புப் பொருள்) பிடித்து வைத்துக்கொள்கிறது. குடல் அதில் பெரும்பகுதியை உறிஞ்ச முடியாது. தேத்தண்ணியை நிறுத்தத் தேவையில்லை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் இடைவெளி விட்டால் போதும். எழுந்த உடனே ஒரு கோப்பை, பிரக்டிஸ் முடிந்து வந்து ஒரு கோப்பை என்று பழக்கலாம்.

குருதிச்சோகை உள்ள பிள்ளை முதலில் ஓட்டத்தில்தான் தெரியும். முன்பு சுலபமாக ஓடிய தூரத்துக்கு இப்போது மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். கீழ் இமையின் உட்புறம் வெளுத்திருக்கும். பச்சரிசி, சாம்பல், மண் தின்னும் ஆசையும் ஒரு அடையாளம், கேட்டால் மறைப்பார்கள். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஈமோகுளோபின் பெண் பிள்ளைகளுக்கு 12, 15 வயதுக்கு மேற்பட்ட ஆண் பிள்ளைகளுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் சோகை. சில பிள்ளைகளுக்கு அது சரியாக இருந்தும் சேமிப்பு இரும்பு வற்றியிருக்கும். களைப்பு தொடர்ந்தால் ஃபெரிட்டின் பரிசோதனையையும் வைத்தியரிடம் கேளுங்கள்.

கோழி ஈரல் 50 கிராம் வாரம் ஒருமுறை, நெத்தலி அடிக்கடி. கீரைக்கு அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே தேசிக்காய் பிழியவும், கொதியில் விற்றமின் சி அழிந்துவிடும். வேலியோரக் கொய்யா ஒன்றைச் சாப்பாட்டோடு கடித்தால் இரும்பு நன்றாகச் சேரும். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடும் பாலோடும் விழுங்கக் கூடாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். கொக்கிப்புழு இருந்தால் இரும்பு கொடுக்கக் கொடுக்க இரத்தம் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே பூச்சி மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

விடுதிச் சமையல் பொறுப்பாளர், நுவரெலியா

கடலை, கௌப்பி வேகவில்லை என்று குறை சொல்வோருக்கு: நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். இங்கே தண்ணி 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு போட்டாலும் திறந்த பானையில் அதற்கு மேல் சூடு ஏறாது. குளிரில் ஊறுவதும் மந்தம். பச்சைத் தண்ணியில் ஊறப்போட்டால் காலையிலும் நடுவில் கல்லாக இருக்கும். இரவு கொதிதண்ணி ஊற்றி மூடி வையுங்கள். காலையில் அந்தத் தண்ணியைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணியில் பிரஷர் குக்கரில் வேகவிடவும். உப்பு கடைசியில். வேகாத கடலை தின்ற ரீமுக்கு மைதானத்தில் வயிறு ஊதும். நன்றாக வெந்ததையும் பிரக்டிஸுக்கு முன் கொடுக்க வேண்டாம், முடிந்த பிறகு ஒரு தேநீர்க் கோப்பை அளவு கொடுத்தால் 12 கிராம் புரதம் கிடைக்கும்.

புரதக் கணக்கு பலரைப் பயமுறுத்துகிறது. 45 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 1.4 கிராம் வீதம் 63 கிராம் வேண்டும் என்று வையுங்கள். நாளுக்கு 150 கிராம் கோதுமை மாவில் 15, 300 கிராம் அரிசியில் 21. ரொட்டியும் சோறும் மட்டும் உள்ள நாள் 36இல் நிற்கிறது. அதோடு காய்ந்த பருப்பு 50 கிராம் சேர்ந்தால் 12, ஒரு முட்டைக்கு 6, நெத்தலி 20 கிராமுக்கு ஏறக்குறைய 11. ஆயிற்று 65. நெத்தலியை 10 நிமிடம் சுடுதண்ணியில் போட்டுக் கழுவினால் உப்பு குறையும். முள்ளோடு தின்றால் கல்சியமும் கிடைக்கும், எலும்பு வளரும் வயதில் அது முக்கியம்.

ஓட்டப் பயிற்றுவிப்பாளர், பண்டாரவளை

போட்டியன்று நடக்கும் பெரிய பிழை குளுக்கோஸ். ஸ்டார்ட்டில் நிற்கும் பிள்ளையின் உள்ளங்கையில் ஒரு பிடி தூளைக் கொட்டுகிறார்கள். காய்ந்த சீனி குடலுக்குள் தண்ணியை இழுத்து வயிற்றைப் பிரட்டும். 100, 200 மீற்றருக்கு அது தேவையே இல்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீளும் விளையாட்டுக்கு வீட்டிலேயே கலக்கலாம்: கொதித்தாறிய தண்ணி 1 லீற்றர், மட்டமாக 5 மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேசிக்காய். இதைவிட இனிப்புக் கூடினால் வயிற்றிலேயே தேங்கும்.

கொழும்புக்குப் போகும்போது இரண்டு அடி விழுகிறது. முதலாவது வளைவுகள். ரம்பொடையிலோ கினிகத்தேனையிலோ வாந்தி எடுத்த பிள்ளை மறுநாள் காலை கொழும்பு சுகததாச மைதானத்தில் வெறும் வயிற்றோடு நிற்கும். வெறும் வயிறும் பிரட்டும், முட்ட நிறைந்த வயிறும் பிரட்டும். புறப்பட ஒன்றரை மணித்தியாலம் முன் எண்ணெய் குறைந்த இடியப்பம், சொதி கொடுத்து முன் ஆசனத்தில் இருத்துங்கள். வாந்தி மாத்திரை தூக்கத்தைத் தரும், போட்டிப் பயணத்தில் முதன்முதலாகப் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம். இரண்டாவது வெக்கை. குளிரில் வளர்ந்த உடம்பு அதற்குப் பழக ஒன்றிரண்டு வாரம் எடுக்கும், நமக்குக் கிடைப்பதோ ஓர் இரவு. மலையில் தாகம் தெரியாததால் தண்ணிப் பழக்கமே இல்லை. ஆகவே இங்கேயே பிரக்டிஸுக்கு முன்னும் பின்னும் பிள்ளையின் எடையை நிறுத்துப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் அடுத்த சில மணித்தியாலங்களில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லீற்றர் உள்ளே போக வேண்டும்.

குடும்பநல உத்தியோகத்தர் (மீண்டும்)

ஒன்றைச் சேர்க்கிறேன். வாந்தி எடுத்த பிள்ளைக்குச் சீனித்தண்ணியைவிட ஜீவனி (தண்ணியில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) நல்லது. ஒரு பக்கெற்றுக்குச் சரியாக 1 லீற்றர். அரைப் போத்தலில் கரைத்தால் உப்பு மிஞ்சி இன்னும் வாந்தி வரும்.

சேர்மார் கேட்கக் கூச்சப்படும் விடயம் ஒன்று: 15 வயதாகியும் பெரியபிள்ளையாகாத, அல்லது மூன்று மாதம் மாதவிடாய் நின்ற ஓட்டக்காரி. "பிரக்டிஸ் பண்ணினா அப்படித்தான்" என்பது தவறு. செலவழிக்கும் சக்திக்கேற்ற சாப்பாடு இல்லாதபோது உடம்பு முதலில் மாதவிடாயை நிறுத்துகிறது, அடுத்து எலும்பில் கை வைக்கிறது. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரே புள்ளியில் விரல் வைத்தால் வலிக்கிறதா? ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரிடம் அனுப்புங்கள். டீச்சர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் பிள்ளை சொல்லும்.

உடற்கல்வி ஆசிரியர், ஹட்டன் பக்கம்

டவுன் ஜிம்மில் புரோட்டீன் பவுடர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு மேலே விடுதிக்காரர் போட்ட கணக்கே பதில். லேபிளில் இல்லாத ஊக்கமருந்து கலந்த டப்பாக்களும் உண்டு. பரிசோதனையில் பிடிபட்டால் தெரியாமல் குடித்தேன் என்பது எடுபடாது. எனர்ஜி டிரிங்க்கும் வேண்டாம்.

எனக்கொரு கேள்வி. வெள்ளிக்கிழமை முட்டையும் நெத்தலியும் வீட்டில் புழங்காது. சனிக்கிழமை காலைதான் போட்டி வருகிறது. என்ன செய்யலாம்?

விடுதிச் சமையல் பொறுப்பாளர், நுவரெலியா

சோயா மீட் காய்ந்தது 30 கிராமில் 15 கிராம் புரதம் இருக்கிறது. சுடுதண்ணியில் ஊறவைத்து, இரண்டு முறை பிழிந்து, பிறகு சமைத்தால் அந்த வாடை போகும். இரவு படுக்கப் போகும்போது பால்மா கரைத்து ஒரு கிளாஸ். விரதமென்று பகல் முழுக்கப் பட்டினி கிடந்த பிள்ளையை மட்டும் மறுநாள் 5000 மீற்றரில் விடாதீர்கள், 100 மீற்றரோடு நிறுத்திக்கொள்ளட்டும்.