வடகம் திருடிய குரங்குகளும் என் கோப்ளின்களும்

வேலூர் சத்துவாச்சாரியில் மலையடிவாரத்தை ஒட்டியது எங்கள் வீடு. ஞாயிறு மாலை வெயில் தாழ்ந்ததும் மொட்டைமாடியில் பாய் விரித்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுவோம்; ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகள். ஆட்டத்தை நடத்துவதும் எதிரிகளை ஆட்டுவிப்பதும் நான். தங்கை மந்திரவாதி, அத்தை மகன் போர்வீரன், பக்கத்துத் தெரு அண்ணன் பூசாரி, அவருடைய மகள் வில் பிடித்த திருடி. நால்வரும் மூன்றாம் நிலை.

முதல் மோதலில் எட்டு கோப்ளின்களை, அதாவது குட்டைப் பூதங்களை, பாதையில் வரிசையாக நிறுத்தியிருந்தேன். எவ்வளவு அடி தாங்கும் என்பதைச் சொல்லும் உயிர்ப்புள்ளி ஒவ்வொன்றுக்கும் 7தான். தங்கை உறக்க மந்திரம் போட்டாள். ஐந்து எட்டுமுகப் பகடைகளை உருட்டினால் வரும் கூட்டுத்தொகை வரைக்கும் எதிரிகளின் உயிர்ப்புள்ளிகளை அது விழுங்கும். 23 விழுந்தது, மூன்று கோப்ளின்கள் தூங்கிச் சுருண்டன. மற்றவற்றைப் போர்வீரன் வெட்டித் தள்ளினான். ஒன்று மட்டும் தப்பி ஓடியது. இரண்டே சுற்றில் எல்லாம் முடிந்தது. ஜெயித்தவர்கள் முகத்தில் மகிழ்ச்சியே இல்லை. "இதற்காகவா ஒரு மணி நேரம் ஆயத்தம் செய்தோம்?" என்று அத்தை மகன் கேட்டது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அந்த வாரம் அம்மா மாடியில் வடகம் காய வைத்திருந்தார். மலையிலிருந்து குரங்குகள் இறங்கின. பெரியது ஒன்று தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து பல்லைக் காட்டியது. அம்மா கம்போடு அதன் பக்கம் போனார். அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு குட்டையான குரங்குகள் தட்டைக் கவிழ்த்து, கை கொண்ட மட்டும் அள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குத் தாவிவிட்டன. கம்பு எட்டும் தூரத்துக்கு ஒரு குரங்குகூட வரவில்லை.

அன்று இரவே விதிப் புத்தகத்தில் கோப்ளினின் குறிப்பை மறுபடி படித்தேன். தாக்கிய அதே முறையிலேயே நழுவி விலகவோ ஒளிந்துகொள்ளவோ அதனால் முடியும். இதை ஒரு தடவைகூட நான் பயன்படுத்தியதில்லை. இருட்டில் 60 அடி வரை அதற்குக் கண் தெரியும். எங்கள் போர்வீரன் மனிதன்; பந்தம் இல்லாவிட்டால் குருடன்.

அடுத்த ஞாயிறு ஆறே கோப்ளின்கள். எங்கள் மலையில் கிடப்பதைப் போலவே குண்டுப் பாறைகள், நள்ளிரவு. தப்பி ஓடியவன் தன் கூட்டத்தாரிடம் உறக்க மந்திரத்தைப் பற்றிச் சொல்லியிருப்பான் அல்லவா? அதனால் எல்லாம் தள்ளித் தள்ளி நின்றன. முதல் மூன்று அம்புகளும் பந்தம் பிடித்திருந்த பூசாரிமீது பாய்ந்தன. மறைவிலிருந்து எய்தால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். பூசாரி சாய்ந்தார், பந்தம் அணைந்தது. தங்கையின் மந்திரத்தில் ஒரே ஒரு கோப்ளின்தான் சிக்கியது. போர்வீரன் பாறைக்குப் பாறை ஓடினான். போன இடத்திலெல்லாம் வெறும் மண்.

அண்ணன் மகளுக்குப் பதினொரு வயது. அவள்தான் வழி கண்டாள். "சித்தப்பா, நான் இப்போது எய்யப் போவதில்லை. பக்கத்துப் பாறையிலிருந்து எது தலையை நீட்டுகிறதோ அதை அடிக்க, நாணை இழுத்துப் பிடித்துக் காத்திருக்கிறேன்" என்றாள். விதியில் அதற்கு இடம் உண்டு. பெரியவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. தங்கையும் அப்படியே காத்திருந்தாள். அடுத்தடுத்து இரண்டு விழுந்தன. அதுவரை கீழே இருந்து அம்மா அனுப்பிய தேநீரை யாரும் தொடவில்லை.

எல்லா அரக்கர்களையும் இப்படி ஆட வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோப்ளினின் அறிவு 10, சராசரி மனிதனுக்கு உள்ளது. ஸோம்பியின் அறிவு 3. ஒருமுறை ஸோம்பிகளைப் பதுங்க வைத்தேன். தங்கை சண்டைக்கே வந்துவிட்டாள். அவள் கேட்டது நியாயம். செத்த உடல் அம்பையும் நெருப்பையும் பார்த்து ஒதுங்காமல் நேரே நடந்து வருவதில்தான் அதன் பயங்கரம் இருக்கிறது.

அன்றைய மோதலில் எனக்குக் கடினமாக இருந்தது ஒரே ஒரு கணம். நினைவிழந்து கிடந்த பூசாரியின் பக்கத்தில் கத்தியோடு ஒரு கோப்ளின் நின்றது. குத்து பட்டால் இரண்டு மரணத் தோல்வி, மூன்று சேர்ந்தால் சாவு; கதை ஏறக்குறைய முடிந்தது. ஆனால் அது குத்தாமல் அவருடைய தோள்பையை அறுத்துக்கொண்டு ஓடியது. மற்ற இரண்டும் பின்னாலேயே மறைந்தன.

ஆட்டம் முடிந்து படியிறங்கும்போது அண்ணன் கேட்டார்: "தம்பி, எனக்காக விட்டுக்கொடுத்தாயா?"

"இல்லை அண்ணா. வடகத்தை எடுத்த குரங்கு அம்மாவைக் கடிக்கவா நின்றது?"

சற்று நேரம் யோசித்தார். "அந்தப் பையில்தான் என் புனித நீர் இருந்தது" என்றார். வருகிற ஞாயிறு அவர்கள் அந்தக் காலடித்தடத்தைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், இந்த முறை ஆளுக்கொரு பந்தத்தோடு.