மறு: மறு: ட்ரூசனுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். கண் நோயாளிகளுக்கான மடிப்பிதழ் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முதுமையில் வரும் மஞ்சள் புள்ளிச் சிதைவில் (விழித்திரையின் நடுப்பகுதி கெடும் நோய்), விழித்திரையின் நிறமிப் படலத்துக்கும் அதன் அடியிலுள்ள புரூக் சவ்வுக்கும் நடுவே மஞ்சளாகச் சின்னச் சின்னத் திட்டுகள் சேருமே, ட்ரூசன், அதற்குச் சொல் வேண்டும். ஆல்சைமர் என்ற மறதிநோய் வந்த மூளையில் சேரும் பிளேக்கைப் பற்காறையைப் பார்த்துக் 'காறை' என்று போட்டுவிட்டேன். இரண்டிலும் பீட்டா அமிலாய்டு என்ற புரதம் இருப்பதால் ட்ரூசனைக் 'கண்காறை' எனலாமா?
– சு.

அம்மா, டகரம் மொழிமுதலில் வராது. 'துரூசன்' என்று எழுதிப் பாருங்கள், உள்ளே 'துரு' தெரிகிறதல்லவா! சித்த மருத்துவர்கள் மயில்துத்தத்தைத் துருசு என்பார்கள். செருமானியத்தில் 'துரூசெ' என்றால் உட்சுவரில் படிகம் பூத்த பாறைக்குழி. ஆக, கல்லும் உப்பும் துருவும் ஒரே குடும்பம்தானோ என்று ஐயம். அது நிற்க. என் பரிந்துரை 'களிம்பு'. செம்போடு களிம்பு கூடவே இருப்பதுபோல் உயிரோடு ஆணவம் என்பது சித்தாந்தம். உள்ளிருந்தே கிளம்பும் அழுக்குக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.
– வே.

ஐயா, மன்னிக்கவும். "களிம்பு, இரவில் தடவவும்" என்று நாளைக்கு முப்பது சீட்டு எழுதுகிறேன். "உங்கள் கண்ணுக்குள் களிம்பு இருக்கிறது" என்றால், "நான் போடவே இல்லையே டாக்டர்" என்பார்கள். ட்ரூசன் என்றே விடுங்கள்.
– மீ.

வண்டல்? ஏரியில் படிவதுபோல்தானே இதுவும்.
– த.

வண்டல் வயலுக்கு வரம் தம்பி! கோடையில் குளத்து வண்டலை வண்டி வண்டியாக அடித்துக் கொட்டுவோம். நோய்க்கா அந்தப் பெயர்?
– கோ.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். சு. அக்கா, சொல்லைவிட இதுதான் எனக்குப் பெரிய கவலை. மூளையில் காறை, கண்ணில் கண்காறை என்று போட்டால், வாசிக்கிறவர் தனக்கு மறதிநோயும் வரப்போகுது என்று பயந்துவிடுவார். ஒரே புரதம் இரண்டு இடத்தில் கிடக்கிறதால் இரண்டும் ஒரே நோய் ஆகாது. ட்ரூசனில் கொழுப்பும் வேறு புரதங்களும் சேர்ந்துதான் இருக்கு. அமிலாய்டை அகற்றும் லெகானெமாப் என்ற பிறபொருளெதிரி மருந்துக்கு 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. அது ஆரம்பநிலை ஆல்சைமருக்கு. நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். அதே வழியில் வேறொரு அமிலாய்டு எதிரியை உலர்வகை மஞ்சள் புள்ளிச் சிதைவு முற்றிய கண்களில் சோதித்தார்கள், பலன் இல்லை. ஆகவே இரண்டுக்கும் வேறு வேறு சொல் வையுங்கோ.
– ஞா.

அமிலாய்டு என்ற பெயரே பிழையில் பிறந்ததுதான். 1854இல் செருமானிய மருத்துவர் ஃபிர்ஹோ அயோடின் விட்டுப் பார்த்தார், மாவுப்பொருள்போல் நிறம் மாறியது, அப்படியே பெயர் வைத்துவிட்டார். ஐந்தே ஆண்டில் அது புரதம் என்று தெரிந்தும் பெயர் மாறவில்லை. நாம் 'மாவியம்' என்று பெயர்த்தால் அவர் பிழையையும் சேர்த்துப் பெயர்த்தவர்கள் ஆவோம். பெயர்க்கத்தான் வேண்டுமா?
– வே.

ஐயா, நல்ல கதை, ஆனால் இன்று வியாழன்.
– மீ.

ஞா. சொன்னதைக் கேட்டுக் கண்காறையை எடுத்துவிட்டேன். 'மஞ்சள் திட்டு' என்று எழுதிப் பார்த்தேன். "மஞ்சள் புள்ளியில் மஞ்சள் திட்டு" என்று சமையல் குறிப்புப் போல வந்தது. கடைசியில் "ட்ரூசன் எனப்படும் படிவுகள்" என்று அனுப்பிவிட்டேன். மூளைக்குக் காறை. அமிலாய்டு அப்படியே.
– சு.

சரி, நால்வர் ஒத்துக்கொண்டதால் நானும் பேசவில்லை. ஆனால் படிவு ஆற்றிலும் உண்டு, கெட்டிலிலும் உண்டு. அடுத்த பதிப்புக்குத் துருசை நினைவில் வையுங்கள்.
– வே.