புதுப்பிப்பு: அத்தையின் தூக்க மாத்திரை

பல வருடமாக அத்தை தூக்கத்துக்குப் போட்டுவந்த அல்பிரசோலம் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கூடவே கூடாது என்று மனநல மருத்துவர் சொல்லிவிட்டார். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் சொல்படி 0.5 மில்லிகிராமிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவருகிறோம். ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் கை நடுக்கம், படபடப்பு, விடிய விடிய விழிப்பு. அது அடங்கிய பிறகுதான் அடுத்த படி. இப்போது அத்தை காலையில் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார், பேச்சும் குழறவில்லை.

அப்புறம், இந்த மாத்திரையை எதனுடன் சேர்க்கக்கூடாது என்று சிலர் கேட்டிருந்தீர்கள்: மதுவுடனோ டிரமடால் போன்ற வலி மாத்திரையுடனோ சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். அல்பிரசோலம், இந்திய மருந்து விதிகளில் கூடுதல் கட்டுப்பாடுள்ள ‘எச்1’ பட்டியலில் இருக்கும் மருந்து. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும். எங்கள் தெருக் கடையில் கேட்டதும் எடுத்துக்கொடுத்தார்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.