மண்மேட்டின் மீது மரக்கோட்டை: முப்பரிமாண மாதிரியில் நம்பகத்தன்மை வருவது எப்படி?

கேள்வி

பொழுதுபோக்காக முப்பரிமாண மாதிரிகளை உருவாக்கி வருகிறேன். 11ஆம் நூற்றாண்டில், பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தில் எழுப்பிய வகையைச் சேர்ந்த ஒரு மரக்கோட்டையைத் தற்போது பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் அமைத்துக்கொண்டிருக்கிறேன். குவித்து எழுப்பிய மண்மேடு, அதன் உச்சியில் மரக் கோபுரம், மேட்டின் அடிவாரத்தில் மர வேலி சூழ்ந்த முற்றம், இவற்றைச் சுற்றி அகழி என்பது அமைப்பு. மேட்டின் அடிவிட்டம் 40 மீட்டர், உச்சியின் விட்டம் 12 மீட்டர், உயரம் 8 மீட்டர். கோபுரம் பக்கத்துக்கு 8 மீட்டர் கொண்ட சதுரம். முற்றம் 60 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் கொண்ட நீள்வட்டம். அகழியின் அகலம் 8 மீட்டர், ஆழம் 4 மீட்டர்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு பகுதியும் சரியாகவே இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து ரெண்டர் செய்தால், அதாவது இறுதிப் படமாக உருவாக்கினால், விளையாட்டுப் பொம்மை போலத் தெரிகிறது. வேலிக் கம்பங்கள் அனைத்தும் ஒன்றுபோலவே இருப்பதும், அவற்றை மாற்ற முயன்றால் கணினி திணறுவதும் ஒரு சிக்கல். மரம் மட்கிப் போய்விட்ட நிலையில், தரைக்கு மேலிருந்த பகுதிகளை எந்தச் சான்றைக் கொண்டு அமைப்பது என்பது மற்றொன்று. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

மரத்தைத் தொடுவதற்கு முன் மண்ணைக் கணக்கிட்டுப் பாருங்கள். நீங்கள் தந்த அளவுகளின்படி மேட்டின் கன அளவு ஏறத்தாழ 4,650 கன மீட்டர் வருகிறது. அந்த மண் பெரும்பாலும் அகழியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் மேட்டைச் சுற்றி 8 மீட்டர் அகலமும் 4 மீட்டர் ஆழமுமாக முக்கோண வெட்டில் தோண்டினால் கிடைப்பது சுமார் 2,400 கன மீட்டர் மட்டுமே. மேட்டுக்கு வேண்டியதில் ஏறக்குறைய பாதிதான். அகழியை 10 மீட்டர் அகலமும் 6 மீட்டர் ஆழமுமாக ஆக்கினால் கணக்கு நேராகிவிடும். அல்லது மேட்டைத் தாழ்த்துங்கள். அல்லது இயற்கையான ஒரு குன்றின் முனையைச் செதுக்கி உயர்த்தியதாக நிலத்தை அமையுங்கள். மூன்றுமே அக்காலத்தில் நடந்தவைதாம். பார்ப்பவர் இந்தக் கணக்கைப் போட மாட்டார். ஆனாலும் மேடு நிலத்திலிருந்து எழுந்ததா, நிலத்தின் மேல் வைக்கப்பட்டதா என்பது அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது கோபுரம். 8 மீட்டர் சதுரத்தின் மூலைவிட்டம் 11.3 மீட்டர். 12 மீட்டர் உச்சியில் அதை நிறுத்தினால் சுற்றுவேலிக்கும் காவலர் நடமாட்டத்துக்கும் இடமே இல்லை. சர்ரே மாவட்டத்து அபிங்கரில் 1949இல் நடந்த அகழாய்வில், மேட்டின் உச்சியில் தூண் நட்ட குழிகள் கிடைத்தன. அங்கிருந்த கோபுரம் பக்கத்துக்குச் சுமார் 12 அடி, அதாவது 3.6 மீட்டர் அளவே உடையது. அதைச் சுற்றி விளிம்பை ஒட்டி வேலி இருந்தது. உங்கள் கோபுரத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், மேடு உடனே பெரிதாகத் தோன்றும்.

மறுமொழி 2

மண்ணைப் பற்றி மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். கோபுரத்தில் மட்டும் சிறிது வேறுபடுகிறேன். அபிங்கரில் இருந்தது காவற்கோபுரம். எல்லாக் கோட்டைகளுக்கும் அதுவே அளவாகிவிடாது. பிரான்சின் வடபகுதியிலுள்ள ஆர்த்ர் என்னும் ஊரில் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேட்டின் மீது கட்டப்பட்ட மரமாளிகையை லாம்பர்ட் என்ற குருவானவர் விரிவாக வருணித்திருக்கிறார். கீழ்த்தளத்தில் களஞ்சியங்கள், நடுத்தளத்தில் குடும்பத்தினர் வாழும் கூடங்களும் தலைவனின் படுக்கையறையும், மேல்தளத்தில் பிள்ளைகளும் காவலர்களும் உறங்கும் அறைகள், அவற்றோடு ஒரு வழிபாட்டறை. உங்கள் கோட்டையில் தலைவன் குடியிருந்தானா, காவல்படை மட்டும் இருந்ததா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மேட்டின் உச்சி எவ்வளவு அகல வேண்டும் என்பது அதிலிருந்தே கிடைத்துவிடும்.

இனி வேலி. முற்றத்தின் சுற்றளவு ஏறத்தாழ 160 மீட்டர். கால் மீட்டர் தடிமனுள்ள கம்பங்களை நெருக்கி நட்டால் 640 கம்பங்கள் வேண்டும். அத்தனையையும் தனித்தனி மெஷ்ஷாக, அதாவது தனித்தனி வடிவங்களாக, வைத்திருந்தால் கணினி திணறத்தான் செய்யும். எட்டு அல்லது பத்துக் கம்பங்களை மட்டும் அக்கறையோடு செதுக்கி ஒரு கலெக்ஷனில் (தொகுப்பில்) வையுங்கள். வேலியின் பாதையை ஒரு கர்வாக (வளைகோடாக) வரைந்து, பிளெண்டரின் ஜியோமெட்ரி நோட்ஸ் வசதி மூலம் அவற்றை இன்ஸ்டன்ஸ்களாக, அதாவது மூல வடிவத்தையே பகிர்ந்துகொள்ளும் நகல்களாக, பரப்புங்கள். ஒவ்வொரு கம்பமும் தன் அச்சில் எந்தக் கோணத்திலும் திரும்பலாம். உயரத்தில் ஒரு சாண் வரை ஏற்றத்தாழ்வு இருக்கலாம். சாய்வு மட்டும் இரண்டு பாகையைத் தாண்ட வேண்டாம். தற்செயல் மாற்றத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் அது பாழடைந்த வேலியாகிவிடும். கோட்டையைக் கட்டியவர்கள் அதில் உயிரை ஒப்படைத்தவர்கள். வேலியை நேராகவே நட்டிருப்பார்கள்.

வேறுபாட்டைக் கருவியின் தடத்தில் காட்டுங்கள். அக்காலத்தில் ஓக் மரத்தை ஆப்பு அடித்து நீளவாக்கில் பிளந்தே பெரும்பாலும் பலகையாக்கினார்கள். பிறகு கோடரியால் செதுக்கினார்கள். எனவே பலகையின் ஒரு விளிம்பு மற்றதைவிட மெல்லியதாக இருக்கும். செதுக்கிய தடங்கள் ஆழமற்ற குழிவுகளாக, சற்றே சரிந்த வரிசையில் விழும். ஓக் மரத்தைப் பச்சையாகவே வேலைக்கு எடுப்பது வழக்கம் என்பதால், காயும்போது வெடிப்புகள் மரத்தின் இழையோட்டத்தைப் பின்பற்றி நீளவாக்கில் ஓடும். மேற்பரப்பில் ஒட்டும் டெக்ஸ்சர் படமும் அதே திசையில் ஓட வேண்டும். மரத்தின் நுனியில் குறுக்காக வெட்டிய பரப்புக்குக் கட்டாயம் தனி மெட்டீரியல் (பரப்புத் தோற்றம்) கொடுங்கள். நீளவாக்கு ரேகைகள் அங்கேயும் தெரிந்தால் அது மரமாகவே தோன்றாது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மேட்டை 6 மீட்டராகத் தாழ்த்தி, கோபுரத்தை 4 மீட்டர் சதுரமாக்கிவிட்டேன். காவல்படைக் கோட்டை என்றே முடிவு செய்திருக்கிறேன். முற்றத்திலிருந்து மேட்டின் உச்சிக்குச் செல்லும் பாலமும், எல்லா மரத்துக்கும் கொடுத்திருக்கும் சாம்பல் நிறமும் இப்போது உறுத்துகின்றன.

மறுமொழி 3

பாலத்துக்கு எழுத்துச் சான்று உண்டு. ஃபிளாண்டர்ஸ் பகுதியின் மெர்க்கெம் கோட்டையைப் பற்றி 1130 வாக்கில் எழுதிய ழான் தெ கொல்மியூ, அகழியின் வெளிக்கரையில் தொடங்கி, இரண்டிரண்டாகவோ மும்மூன்றாகவோ சேர்த்து நிறுத்திய தூண்களின் மேல் படிப்படியாக உயர்ந்து, மேட்டின் உச்சியில் வாயிலுக்கு நேராகச் சேரும் பாலத்தை வருணிக்கிறார். நார்மானியர் இங்கிலாந்தை வென்ற கதையைச் சொல்லும் பேயோ சித்திரத் துணியிலும் மேட்டின் சரிவில் ஏறும் இத்தகைய பாலங்களைக் காணலாம். அதில் தினான் என்னும் ஊரின் கோட்டையைக் காட்டும் காட்சியில் இரு வீரர்கள் பந்தங்களால் கோட்டைக்குத் தீயிடுவதும் தெரிகிறது. ஆகவே நடுவில் வளைந்து தொங்கும் பாலம் வேண்டாம். தூண்களை இணைகளாக நிறுத்தி, குறுக்கே உத்திரங்களைக் கழுந்தும் துளையுமாக, அதாவது ஒன்றின் செதுக்கிய முனை மற்றதன் துளைக்குள் நுழையுமாறு, பொருத்தி, மர ஆணியால் இறுக்குங்கள். வழுக்காமல் ஏறுவதற்குப் பலகைகளின் மேல் குறுக்குச் சட்டங்கள் வைப்பது நல்லது.

நிறத்தைப் பொறுத்தவரை, கட்டி எத்தனை ஆண்டு ஆன கோட்டை என்பதை முடிவு செய்யாமல் விடை கிடைக்காது. புதிய ஓக் வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு. வெயிலும் மழையும் பட்டபின்பே சாம்பல் நிறம் ஏறும். நட்ட தூண் முதலில் மட்குவது தரைமட்டத்தில். அங்கே கறுப்பும் ஈரமும் காட்டுங்கள். வேல்ஸ் எல்லையில் உள்ள ஹென் டோமெனில் 1960 முதல் பல ஆண்டுகள் நடந்த அகழாய்வு, ஒரே இடத்தில் மரக் கட்டடங்கள் திரும்பத் திரும்ப எழுப்பப்பட்டதையும், முற்றம் கட்டடங்களால் நெருங்கியிருந்ததையும் காட்டியது. எனவே பழைய தூண்களுக்கிடையே அங்கங்கே புதிய மரம் தெரியட்டும். முற்றத்தையும் வெட்டவெளியாக விடாதீர்கள். அங்குள்ள கட்டடங்களுக்கு, குச்சிகளைப் பின்னி வரிச்சு கட்டி மண் பூசிய சுவர்களைக் கொடுத்தால், எல்லாப் பரப்பும் மரமாக இருக்கும் சலிப்பு நீங்குவதோடு, நீங்கள் செதுக்கிய மரமும் அதற்குரிய இடத்தில் எடுப்பாகத் தெரியும்.